மலையிலிருந்து அனிமே திருவிழாவுக்கு: வாசகர் கேள்வி – பதில்

சென்னை போன்ற பெருநகரங்களில் வார இறுதியில் நடக்கும் அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்), காமிக்ஸ் ரசிகர் திருவிழாக்களைப் பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கடிதங்களை ஒன்றுசேர்த்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன். என் அக்காள் மகனோடு ஊட்டியிலிருந்து கீழே இறங்கி, இத்தகைய விழாக்களுக்குப் போய் வந்த அனுபவமே இந்தப் பதில்களுக்கு அடிப்படை.

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஜப்பானியக் கார்ட்டூன் ரசிகர்கள் கூடும் இரண்டு நாள் விழாவுக்குச் சென்னை போக வேண்டும் என்று மூன்று மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அங்கே என்னதான் நடக்கும்? நம்பி அனுப்பலாமா?
– ஒரு தாயார், கோத்தகிரி

அனுப்பாதீர்கள் அம்மா, நீங்களும் உடன் போங்கள். பயந்து சொல்லவில்லை, மகள் எதை இவ்வளவு நேசிக்கிறாள் என்பதை நேரில் பார்க்க உங்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது என்பதால் சொல்கிறேன்.

ஒரு பெரிய பொருட்காட்சி அரங்கத்தை எண்ணிக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில் சென்னையில் முதன்முறையாக நடந்த காமிக் கான் விழா, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில்தான் நடந்தது. அது அனிமேவுக்கு மட்டுமான விழா அன்று. காமிக்ஸ், திரைப்படம், வீடியோ கேம் எல்லாம் கலந்தது. ஆனாலும் கூட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அனிமே பாத்திரங்களைப் பார்க்கலாம். வாசலில் பையைச் சோதித்து, டிக்கெட்டைப் பார்த்து, கையில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் ஒவ்வொரு நாளுக்கும் தனி டிக்கெட் என்பதால், எந்த நாளுக்கு வாங்கியிருக்கிறீர்கள் என்பதை வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ஒரு பக்கம் பொம்மை, போஸ்டர், சாவிக்கொத்து, டி-ஷர்ட் விற்கும் கடைகள் இருக்கும். இன்னொரு பக்கம், தாங்களே வரைந்த படங்களையும் தாங்களே அச்சிட்ட புத்தகங்களையும் ஒரு மேசையில் பரப்பிக்கொண்டு இளம் ஓவியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பலர் கடைகளிலேயே பொழுதைக் கழித்துவிட்டு இந்த வரிசையைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம். நீங்கள் முதலில் இங்கே போங்கள், அவர்களிடம் பேசுங்கள். மேடையில் உரையாடல், பாட்டு, வினாடி வினா ஆகியவற்றோடு, விழாவின் உச்சமாகக் காஸ்பிளே போட்டியும் நடக்கும். பிடித்த பாத்திரத்தைப் போல உடுத்தி, அதன் நடையையும் நிற்கும் விதத்தையும் கொண்டுவருவதுதான் காஸ்பிளே. நம் பள்ளிகளில் நடக்கும் மாறுவேடப் போட்டிக்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒலிபெருக்கிச் சத்தமும் நெரிசலும் மிக அதிகம். மே மாதத்து மலர்க் கண்காட்சிக் கூட்டத்தைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து வைத்தது போல இருக்கும். அத்தனை பேர் கூடும் இடத்தில் கைபேசிச் சிக்னல் கிடைக்காமல் போகக்கூடும் என்பதால், பிரிந்துவிட்டால் எந்த இடத்தில், எத்தனை மணிக்குச் சந்திப்பது என்பதை உள்ளே நுழைந்தவுடனேயே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

ஒன்றை மகளிடம் உட்காரவைத்துச் சொல்லுங்கள். வேடமிட்டவரைப் படம் எடுக்க விரும்பினால், "ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்ட பிறகே எடுக்க வேண்டும், விக்கையோ உடையையோ தொடக் கூடாது. அவளே வேடமிட்டுப் போனால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. யாரும் தோளில் கைபோட்டுப் படம் எடுக்க அனுமதி தர வேண்டியதில்லை. வேடம் போட்டதனாலேயே சம்மதம் தந்ததாக ஆகாது என்பது உலகெங்கும் இத்தகைய விழாக்களில் வலியுறுத்தப்படும் விதி. யாராவது அத்துமீறினால் தயங்காமல் விழா ஊழியரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள். அனிமே என்றாலே குழந்தைகளுக்கானது என்ற எண்ணமும் சரியன்று; பெரியவர்களுக்கென்றே எடுக்கப்பட்ட தொடர்களும் அவற்றைச் சார்ந்த பொருள்களும் உண்டு. அதற்காகவும் நீங்கள் பக்கத்தில் இருப்பது நல்லது.

கேள்வி: ஃபோம் ஷீட்டில் கவசமும் வாளும் செய்துகொண்டிருக்கிறேன். குன்னூரிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் உடையாமல் எப்படிக் கொண்டுபோவது?
– கல்லூரி மாணவர், குன்னூர்

தம்பி, உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் அக்காள் மகனின் இடது தோள்கவசம் நினைவுக்கு வந்தது. ஊட்டிக் குளிரில், வீட்டு வரவேற்பறையில், ஹாட் க்ளூ துப்பாக்கியால் ஒட்டிய கவசம் அது. கல்லைப் போல உறுதியாக இருந்தது. சென்னையில் வெயிலில் நிறுத்தியிருந்த காரில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தபோது, ஒட்டிய இடமெல்லாம் பிசுபிசுத்து, ஓரம் வாயைப் பிளந்து நின்றது. சூட்டில் உருகி ஒட்டும் பசை, சூட்டிலேயே இளகிவிடும் என்பது அதுவரை எங்களுக்குத் தோன்றவே இல்லை. நம் ஊர்க் குளிர் அதை எங்களிடமிருந்து மறைத்துவிட்டது. எனவே சுமை தாங்கும் இணைப்புகளை, செருப்பு தைப்பவர்களும் தச்சர்களும் பயன்படுத்துகிற மஞ்சள் நிற ரப்பர் பசையால் ஒட்டு. இரண்டு பக்கமும் மெல்லப் பூசி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அதன் பிறகு அழுத்திச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்திலேயே சேர்த்தால் பிடிக்காது. சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய். அந்த நெடியை அடைத்த அறையில் சுவாசிப்பது கெடுதல்.

வாளில் தெர்மோகோல் சேர்த்திருந்தால் அதன்மேல் ஸ்ப்ரே பெயின்ட்டை நேராக அடிக்காதே. அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்று பள்ளம் பள்ளமாக ஆக்கிவிடும். முதலில் வெள்ளைப் பசையில் நனைத்த செய்தித்தாளை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டிக் காயவைத்து, அதன்மேல் வண்ணம் பூசு. உலோக வாள், கூர்முனை, உண்மையானதைப் போலத் தோன்றும் துப்பாக்கி ஆகியவற்றை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். விழாவின் விதிகளை முன்கூட்டியே படித்து, வாளின் நீளத்துக்கு வரம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

கொண்டைஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போது மேலே வைத்த சுமை எப்படி உருளும் என்பது உனக்குத் தெரியும். ஆகவே வாளை இரண்டு துண்டாகச் செய்து, நடுவில் பிவிசி குழாயைச் செருகிச் சேர்க்கும்படி அமைத்துக்கொள். கவசத்தை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, இடையில் பழைய துண்டுகளை வைத்து, அட்டைப்பெட்டியில் அடைத்து மடியிலேயே வைத்துக்கொள். மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸில் போவதானால் பெட்டியைக் கீழ்ப் படுக்கைக்கு அடியில் தள்ளாமல் மேல் படுக்கையில் தலைமாட்டில் வை. ரப்பர் பசையும் ஸ்ப்ரே டப்பாவும் எளிதில் தீப்பற்றக் கூடியவை. அவற்றை ரயிலில் எடுத்துச் செல்லக் கூடாது. அதனால் பழுதுபார்ப்புக்கு இரட்டைப் பக்க டேப், ஊசி நூல், ஊக்கு, கருப்பு எலாஸ்டிக் பட்டை ஆகியவற்றைத் தனிப் பையில் எடுத்துக்கொள். காலையில் சென்ட்ரலில் இறங்கியதும் மெட்ரோவில் ஆலந்தூர் வரை போனால், அங்கிருந்து நந்தம்பாக்கம் அருகில்தான்.

விக்கை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சீவு. வேரிலிருந்து இழுத்தால் சிக்கு இறுகிவிடும். வண்ண லென்ஸ் போடுவதாக இருந்தால் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போடு. நண்பனோடு ஒருபோதும் மாற்றிப் போட்டுக்கொள்ளாதே. கம்பளித் துணியில் மேலங்கி தைக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். பிப்ரவரியிலும் சென்னையில் பகலில் முப்பது டிகிரியைத் தொடும். மெல்லிய பருத்தியில் தைத்து, ஓரத்துக்கு மட்டும் கனமான துணி கொடு. பார்வைக்கு அதே தோற்றம் வரும், மயங்கி விழ மாட்டாய்.

அந்தத் தோள்கவசம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரங்கத்தின் சுவரோரம் என் பிள்ளை முகம் சுண்டி உட்கார்ந்திருந்தபோது, வெள்ளி நிற விக் அணிந்த ஒரு பெண் தரையில் வந்து உட்கார்ந்து, தன் பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, பிளந்த ஓரத்தில் ஆறு தையல் போட்டுத் தந்தாள். பெயரைக்கூடச் சொல்லாமல் எழுந்து மேடைப் பக்கம் போய்விட்டாள். அந்த ஆறு தையலை நாங்கள் இன்னும் பிரிக்கவில்லை.

கேள்வி: நான் தமிழ் டப்பிங்கில்தான் அனிமே பார்க்கிறேன். ஆங்கிலமும் சரளமாக வராது. தனியாகப் போனால் யாராவது ஏளனம் செய்வார்களா?
– கடை ஊழியர், கொடைக்கானல்

ஜப்பானிய மொழியில்தான் பார்க்க வேண்டும் என்று வாதிடுபவர்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. அந்த வாதத்தில் நீங்கள் சேர வேண்டியதில்லை. தொலைக்காட்சியில் ஷின்சானைத் தமிழில் பார்த்து வளர்ந்தவர்கள்தாம் இன்று அந்த அரங்கத்தில் பாதிப் பேர். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' என்ற அனிமே படம் நம் திரையரங்குகளுக்கு வந்தபோது தமிழிலும் வந்தது. தமிழில் பார்ப்பவரும் முழு ரசிகர்தான்.

தனியாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். வரிசையில் முன்னால் நிற்பவரின் டி-ஷர்ட்டில் உங்களுக்குத் தெரிந்த பாத்திரம் இருந்தால், "எத்தனையாவது எபிசோட் வரைக்கும் பார்த்திருக்கீங்க?" என்று கேளுங்கள். அதற்கு மேல் பேச்சு தானாக நடக்கும். அவர் பார்க்காத பகுதியின் கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்தக் கூட்டத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

கேள்வி: எவ்வளவு பணம் எடுத்துப் போக வேண்டும்?
– ஒரு வாசகர், கூடலூர்

தொகை உங்கள் வசதியைப் பொறுத்தது. பயணம், சாப்பாடு, பொருள் என்று மூன்று உறைகளில் பிரித்து வைத்து, முதல் இரண்டையும் எதற்காகவும் தொடாதீர்கள். சிக்னல் இல்லாதபோது யுபிஐ கைகொடுக்காது என்பதால் ரொக்கமும் இருக்கட்டும். விலை உயர்ந்த பொம்மை வாங்கும்போது பெட்டியில் தயாரித்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணிலும் உதட்டிலும் வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தால் அது பெரும்பாலும் போலி.

கேள்வி: நம் பிள்ளைகள் வேற்று நாட்டு வேடம் போட்டுக்கொண்டு அலைவதில் என்ன பயன்? இது வெறும் வியாபாரம்தானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உதகமண்டலம்

ஐயா, வியாபாரம் இருக்கிறது, மறுக்கவில்லை. பெற்றோர் பணத்தைப் பிள்ளைகள் அளவில்லாமல் செலவழிப்பதையும் பார்த்திருக்கிறேன்; அது எனக்கும் கவலை தருகிறது. ஆனால் இந்தத் திருவிழாவின் வேர் கடையில் இல்லை. ஜப்பானில் காமிக் மார்க்கெட், சுருக்கமாகக் காமிகெட் என்று அழைக்கப்படும் சந்தை 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவில் தொடங்கியபோது, தாங்களே வரைந்து அச்சிட்ட புத்தகங்களோடு வந்த ரசிகர் குழுக்கள் 32. வந்தவர்கள் ஏறத்தாழ 700 பேர். இன்று லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். இருந்தும் அதை நடத்துபவர்கள் தன்னார்வலர்களே. புத்தகம் விற்பவர், வாங்குபவர், ஒழுங்கு செய்பவர் ஆகிய மூவருமே அங்கே 'பங்கேற்பாளர்'தான். 'வாடிக்கையாளர்' என்று அங்கே எவரும் இல்லை என்பது அவர்கள் கடைப்பிடிக்கும் கொள்கை. வீட்டிலிருந்தே வேடமிட்டு வரக் கூடாது, அங்குள்ள உடைமாற்றும் அறையில்தான் மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற விதியையும் வைத்திருக்கிறார்கள்.

என் அக்காள் மகன் எட்டாம் வகுப்பு வரை சட்டைப் பொத்தானைக்கூடத் தைக்கத் தெரியாமல் இருந்தான். இன்று தையல் இயந்திரத்தில் தானே அளவெடுத்து, வெட்டி, கை வைத்த மேலங்கி தைக்கிறான். ஜப்பானிய எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டான். ஆசிரியராக இருந்த தாங்கள், ஆசையால் கற்பதற்கும் கட்டாயத்தால் கற்பதற்கும் உள்ள வேறுபாட்டை என்னைவிட நன்கு அறிவீர்கள்.

கேள்வி: ஊட்டியிலேயே இப்படி ஒரு விழா நடத்த முடியாதா?
– பள்ளி நண்பர்கள் ஐவர், உதகமண்டலம்

முடியும். பெரிதாகத் தொடங்காதீர்கள். நாற்பது பேர், ஒரு சிறிய மண்டபம், ஒரு பகல் பொழுது போதும். ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். சீசன் கூட்டத்தில் மண்டபமும் கிடைக்காது, வாகனமும் நகராது. வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு, 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி நடைமுறைக்கு வந்த இ-பாஸ் முறையைப் பற்றி முன்பே சொல்லிவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை. காகிதத்தில் செய்த கவசம் மண்டப வாசலுக்கு வருவதற்குள் ஊறிவிடும். பிப்ரவரி நல்லது.

நம் மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கும் தண்ணீர் பாட்டிலும் தடைசெய்யப்பட்டவை. ஆகவே தண்ணீர்க் குடமும் டம்ளரும் வையுங்கள், தட்டுகளுக்குப் பதில் இலை போடுங்கள், மினுமினுப்புத் தூள் வேண்டவே வேண்டாம். பூங்காவில் வேடத்தோடு படம் எடுப்பதாக இருந்தால் அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். சோலைக் காட்டுப் பக்கம் போகாதீர்கள், அது விலங்குகளின் இடம்.

மேடை, ஒலிபெருக்கி, பரிசுக் கோப்பை ஆகியவற்றைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவை அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். கையில் இருக்கும் பணத்தில் முதலில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியே தாழ்ப்பாள் உள்ள உடைமாற்றும் அறை ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் ஆளுயரக் கண்ணாடி ஒன்று, நாற்காலி இரண்டு. அறைக்கு வெளியே ஒரு மேசை போட்டு, அதன்மேல் ஊசி, கருப்பு நூல், வெள்ளை நூல், ஊக்கு, கத்தரிக்கோல், டேப் ஆகியவற்றை வைத்து, தைக்கத் தெரிந்த ஒருவரை அங்கே உட்காரவையுங்கள்.