குழுவில் போட்ட காணொளி குழுவைத் தாண்டிப் போனால்

கேள்வி: ஓய்வு நேரத்தில் லேத்தில் மரக்கிண்ணம் கடைவது என் பொழுதுபோக்கு. இதே ஆர்வம் உள்ள 800 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில், நான் கிண்ணம் கடையும் 11 நிமிடக் காணொளியைப் பகிர்ந்தேன். மூன்று நாள் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு பார்த்தால், உறுப்பினர் ஒருவர் அதில் 20 வினாடியை மட்டும் வெட்டி, வேறொரு குழுவில் "இப்படிச் செய்யாதீர்கள்" என்று போட்டிருக்கிறார். அந்தத் துண்டில் என் அண்ணன் மகள் பின்னால் நடந்து போவதும் தெரிகிறது. என் பதிவை நீக்கிவிட்டேன். இனிமேல் பகிரவே கூடாதா? பகிர்வதாக இருந்தால் எப்படிப் பகிர வேண்டும்?

பதில்: பகிர்வதை நிறுத்த வேண்டாம். கைத்தொழில் சார்ந்த பொழுதுபோக்குகளில் எழுத்தால் விளக்கிவிட முடியாத பல நுட்பங்களை அரை நிமிடக் காணொளி விளக்கிவிடும். ஆனால் உங்கள் கேள்வியில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று அவருடையது, இன்னொன்று, மன்னிக்க வேண்டும், உங்களுடையது. பெரியது அவருடையது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இணையக் குழுக்களில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தொகுத்து 1995 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 1855 என்ற ஆவணம் வெளியானது. உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் வந்த ஒரு செய்தியைக் குழுவில் எடுத்துப் போடுவதாக இருந்தால் முதலில் அனுப்பியவரின் அனுமதியைக் கேளுங்கள் என்றும், பிறருடைய செய்தியை மேலனுப்பும்போது அதன் வாசகத்தை மாற்றாதீர்கள் என்றும் அது சொல்கிறது. குழுவில் போட்ட பதிவும் தனிச் செய்தியும் ஒன்றல்ல என்று அவர் வாதிடலாம். அந்த வாதத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் இரண்டாவது விதியிலிருந்து அவர் தப்ப முடியாது. 11 நிமிடத்தில் 20 வினாடியை மட்டும் வெட்டி, அதன் மேல் தம் தீர்ப்பை எழுதி ஒட்டுவது, எழுத்தில் என்றால் வாசகத்தை மாற்றுவதற்குச் சமம். அந்தத் துண்டுக்கு முன்பு நீங்கள் என்ன சொன்னீர்கள், பின்பு எப்படித் திருத்திக்கொண்டீர்கள் என்பது அங்கே பார்த்தவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. எச்சரிக்கை செய்வதுதான் நோக்கம் என்றால், அதை உங்கள் பதிவுக்குக் கீழேயே எழுதியிருக்கலாம். கூச்சமாக இருந்தால் உங்களுக்குத் தனியாக எழுதியிருக்கலாம்.

இப்போது செய்யக்கூடியது என்ன? நீங்கள் உங்கள் பதிவை நீக்கியதால், அவர் வெட்டிப் போட்ட அந்த வேறு குழுவில் இருக்கும் நகல் நீங்காது. வாட்ஸ்அப்பில் ‘அனைவருக்கும் நீக்கு’ என்பது அனுப்பிய இரண்டு நாளுக்குச் சற்று அதிகமான காலத்துக்குத்தான் செல்லும். அதுவும் அந்த ஒரு செய்தியை மட்டுமே நீக்கும். வேறு இடத்துக்குப் போனது வேறு செய்தி, யாராவது தரவிறக்கி வைத்திருந்தால் அது வேறு கோப்பு. ஆகவே அந்தக் குழுவின் நிர்வாகியிடம் கேட்பதே வழி. நிர்வாகியால் தம் குழுவில் எவருடைய செய்தியையும் நீக்க முடியும். கோபத்தைக் கொட்டாமல் இரண்டு வரியில் கேளுங்கள்: "இந்தக் காணொளி என்னுடையது, என் அனுமதியின்றி வெட்டிப் பகிரப்பட்டுள்ளது. இதில் ஒரு சிறுமியின் முகம் தெரிவதால் இன்றே நீக்க உதவ வேண்டும்." நான் ஒரு குழுவை நிர்வகிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நீண்ட விளக்கத்தைவிட இப்படிப்பட்ட குறிப்பான காரணம்தான் எங்களை உடனே எழுந்து வேலை பார்க்க வைக்கும். காணொளியை எடுத்தவருக்கே அதன் பதிப்புரிமை என்பது பொதுவான நிலை; குழுவில் போட்டதால் அது கைமாறிவிடுவதில்லை. ஆனால் முதல் கடிதத்திலேயே சட்டத்தைத் தூக்க வேண்டியதில்லை.

வெட்டியவரின் முறை தவறு என்பதால் அவர் சொன்ன விஷயமும் தவறு என்று ஆகிவிடாது. அந்த 20 வினாடியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். டூல் ரெஸ்ட்டுக்கும் (கடையும்போது உளியைத் தாங்கும் லேத்தின் பகுதி) மரத்துக்கும் இடையில் இடைவெளி கூடிப்போய், உளியின் முனை ஆதாரமில்லாமல் நீண்டு நின்றதா? உளி டூல் ரெஸ்ட்டைத் தொடும் முன்பே சுழலும் மரத்தைத் தொட்டதா? சட்டைக் கை தளர்வாகத் தொங்கியதா? இவற்றில் எது இருந்தாலும் அவர் பயந்ததில் பொருள் உண்டு. உளி மரத்தில் சிக்கினால் அது கையை விட்டுப் பாய்வதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

இனி உங்கள் பக்கம். மூன்று நாள் மௌனத்துக்குக் காரணம் அலட்சியம் அல்ல, நீளம். 800 பேர் 11 நிமிடம் பார்த்தால் 8,800 நிமிடம், அதாவது 146 மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு நேரத்தை எதற்காகக் கேட்கிறீர்கள் என்று பதிவில் ஒரு வரிகூட இல்லை என்றால், ‘பிறகு பார்க்கலாம்’ என்று எல்லோரும் தள்ளிவிடுவது இயல்பு. மேலே சொன்ன 1995 ஆவணம் 50 கிலோபைட்டைத் தாண்டிய கோப்பை அஞ்சலில் அனுப்பாமல் இருப்பது நல்லது என்றது. இன்று அந்த அளவைச் சொன்னால் சிரிப்பார்கள்: ஐபோனில் 4கே தரத்தில் நொடிக்கு 60 சட்டகம் (ஃபிரேம்) வைத்து எடுத்தால் ஒரு நிமிடமே ஏறத்தாழ 400 மெகாபைட், உங்கள் 11 நிமிடம் 4.4 ஜிகாபைட். எண் காலாவதியாகிவிட்டது, அதற்குப் பின்னால் இருந்த எண்ணம், பெறுபவரின் செலவில் அனுப்பாதே என்பது, காலாவதியாகவில்லை. அன்று செலவானது இணைப்புக் கட்டணம், இன்று செலவாவது கவனம்.

ஆகவே கேள்விக்குரிய இடத்தை மட்டும் வெட்டுங்கள். கிண்ணத்தின் ஓரத்தைக் கடையும்போது நார் பிய்கிறது என்பதுதான் உங்கள் சிக்கல் என்றால், அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து 40 வினாடி போதும். மரத்துண்டை லேத்தில் மாட்டுவதும், உளியைத் தீட்டுவதும், முடிவில் உப்புத்தாள் போடுவதும் உங்களுக்கு இனியவையே. பதில் சொல்ல வேண்டியவருக்கு அவை தேவையில்லை. முழுக் காணொளியையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ ஆக ஏற்றி இணைப்பைக் கொடுக்கலாம். ஆனால் அதைப் பூட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அது தேடலில் வராது, அவ்வளவுதான். இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் அவர் பார்க்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம். குறிப்பிட்ட சிலர் மட்டுமே பார்க்க வேண்டும் என்றால் ‘பிரைவேட்’ ஆக வைத்து, அவர்களின் மின்னஞ்சல் முகவரியைச் சேர்க்க வேண்டும். (2017-க்கு முன் ஏற்றிய அன்லிஸ்டட் காணொளிகளை, உரிமையாளர் வேண்டாம் என்று சொல்லாதவரை, 2021 ஜூலையில் யூடியூப் பிரைவேட்டாக மாற்றியது. பழைய குழுக்களில் பல இணைப்புகள் திறக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.)

தொழில்நுட்பக் கருத்து கேட்கிறீர்கள் என்றால், தயவுசெய்து பின்னணி இசை சேர்க்காதீர்கள். மரம் கடைவதில் பாதி நோய் காதுக்குத்தான் தெரியும்: கூர்மையான உளி சீராகச் சீறும், மழுங்கியது கரகரக்கும், பிடி தளர்ந்தால் படபடவென்று அதிரும். அனுபவசாலி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டே காரணத்தைச் சொல்லக்கூடும். அதன்மேல் பாட்டைப் போட்டு மூடினால் அவருக்கு வழியில்லை. பதிப்புரிமைச் சிக்கலும் தானாகவே விலகும். அதேபோல வேகத்தைக் கூட்டிய காணொளி காட்சிக்கு அழகு, கேள்விக்குப் பயனற்றது. லேத்தின் வேகத்தை எழுத்தில் குறிப்பிடவும் மறக்க வேண்டாம், ஏனென்றால் கேமராவை இந்த விஷயத்தில் நம்ப முடியாது. நிமிடத்துக்கு 1,800 சுற்று என்பது நொடிக்கு 30 சுற்று. நொடிக்கு 30 சட்டகம் எடுக்கும் கேமராவில் அந்த மரம் நின்றுகொண்டிருப்பதுபோலத் தெரியும். சற்றே வேகம் குறைந்தால் பின்னோக்கிச் சுற்றுவதுபோலவும் தெரியும். இதைப் பார்த்துவிட்டு "லேத்தையே ஓட்டாமல் உளியை வைக்கிறாரே" என்று ஒருவர் எங்கள் குழுவில் நீண்ட அறிவுரை எழுதியது உண்டு.

காணொளியோடு போகும் குறிப்பு, என் கணக்கில், காணொளியைவிட முக்கியமானது. என்ன வேண்டும், எந்த இடத்தைப் பார்க்க வேண்டும், எதுவரை போகலாம் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். எடுத்துக்காட்டாக: "ஓரம் கடையும்போது நார் பிய்கிறது. உளியின் கோணம் தவறா, தீட்டியது போதவில்லையா? 0:15 முதல் 0:30 வரை பார்த்தால் போதும். வேகம் 1,200. ஒலி அதிகம். இந்தக் குழுவுக்கு வெளியே பகிர வேண்டாம்." கடைசி வரியை எழுதக் கூச்சப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நம்பிக்கையில்லாமல் பேசுவதுபோல இருக்குமோ என்று தயங்குகிறார்கள். உண்மையில் மேலனுப்புகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கெட்ட எண்ணத்தோடு அனுப்புவதில்லை, யாரும் தடுக்காததால் அனுப்புகிறார்கள். அந்த ஒரு வரி அவர்களை நிறுத்திவிடும். நிற்காதவரைக் கேள்வி கேட்க நிர்வாகிக்கும் ஒரு பிடி கிடைக்கும். செய்து முடித்த மகிழ்ச்சியைக் காட்ட மட்டும் போடுகிறீர்கள் என்றால் அதையும் எழுதிவிடுங்கள், விமர்சனம் குறையும். ஆபத்தைச் சுட்டிக்காட்டும் கருத்தை மட்டும் எந்தக் குறிப்பாலும் தடுக்கக் கூடாது.

அண்ணன் மகள் விஷயத்தில் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பகிரும் முடிவு உங்களுடையது, அவள் முகம் அவளுடையது. பெற்றோரைக் கேட்பதோடு, விவரம் புரியும் வயதென்றால் அவளையும் கேட்க வேண்டும். ‘தெரிந்தவர்கள்தானே பார்க்கப்போகிறார்கள்’ என்ற நினைப்பு பழையது. ஸ்வீடனில் தேவாலயத் தன்னார்வலர் ஒருவர் தம்மோடு பணியாற்றியவர்களைப் பற்றி, அவர்களின் பொழுதுபோக்குகளையும், ஒருவருக்குக் காலில் அடிபட்டதையும், யாரையும் கேட்காமல் தம் இணையப் பக்கத்தில் எழுதினார். அவர் எழுத்தில் பகை எதுவும் இல்லை. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய், எண்ணற்றவர்கள் பார்க்கக்கூடிய இடத்தில் வெளியிடுவதை வீட்டளவிலான தனிப்பட்ட செயல் என்று கருத முடியாது என 2003 நவம்பரில் தீர்ப்பானது. 800 பேர் உள்ள குழு இணையப் பக்கம் அல்லதான். ஆனால் அந்த 800 பேரில் உங்களுக்கு முகம் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

முகத்தை மங்கலாக்குவதைவிடச் சட்டகத்தைக் குறுக்குவது மேல். கைகளும் உளியும் மரமும் தெரிந்தால் போதும், அறை தெரிய வேண்டியதில்லை. அனுப்புமுன் ஒருமுறை ஒலியை மட்டும் கேளுங்கள். லேத்தை நிறுத்திய பிறகு வரும் ஐந்து வினாடியில்தான் வீட்டார் பெயரும் பேச்சும் பதிவாகியிருக்கும். பிறகு ஒருமுறை ஒலியில்லாமல் பாருங்கள். மேசையில் கிடக்கும் கடிதத்தின் முகவரியும், முகக்கவசத்தின் கண்ணாடியில் விழும் பிம்பமும் அப்போதுதான் கண்ணில் படும். கைப்பேசி, எடுத்த இடத்தையும் கோப்புக்குள் எழுதிவைக்கக்கூடும். தரம் குறையக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் காணொளியை ‘ஆவணம்’ ஆக அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே போகும், அந்த இடக்குறிப்பும் சேர்ந்தே போகும். ஐபோனில் பகிரும் திரையின் மேலே உள்ள ‘விருப்பங்கள்’ பகுதியிலும், ஆண்ட்ராய்டில் கேமரா அமைப்பிலும் இதை அணைத்துவிடலாம்.

பழைய காணொளியை அதே குழுவில் மறுபடி ஏற்ற வேண்டாம். டூல் ரெஸ்ட்டை மரத்துக்கு நெருக்கமாக வைத்து, லேத்தை ஓட்டும் முன் மரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, அந்த 40 வினாடியைப் புதிதாக எடுங்கள். வெட்டிப் பகிர்ந்தவரின் பெயரையோ பழைய சம்பவத்தையோ அதில் இழுக்காதீர்கள். யாராவது யோசனை சொன்னால், அதைச் செய்துபார்த்து, ஓரம் சரியாக வந்ததா இல்லையா என்று ஒரு வாரத்துக்குள் அதே பதிவின் கீழ் எழுதுங்கள். சரியாக வராவிட்டாலும் எழுதுங்கள். அடுத்த காணொளிக்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டியிருக்காது.