வாசகர் கேள்வி: தலைக்காயத்திற்குப் பின் வரும் சிகிச்சையைக் காப்பாற்றுவது எப்படி?

கேள்வி: என் கணவர் சாலை விபத்தொன்றில் தலையில் பலத்த காயமடைந்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் வாரம் இருமுறை பயிற்சி பெற்று வந்தார். பேச்சுப் பயிற்சி அளித்தவர் விலகிய பின் அந்த இடத்துக்கு எவரும் வரவில்லை. இப்போது மாதம் ஒருமுறை வந்தால் போதும், மற்ற நாட்களில் வீட்டிலேயே செய்யுங்கள் என்று பயிற்சிகள் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்துவிட்டார்கள். ஓராண்டு கடந்துவிட்டதால் இனி முன்னேற்றம் இராது என்று உறவினர்களும் சொல்கிறார்கள். இந்தப் பிரிவைக் காப்பாற்றக் கேட்பதில் பயன் உண்டா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: உண்டு, சகோதரி. முதலில் உறவினர்கள் சொல்வதைப் பார்ப்போம். மூளைக்காயத்திற்குப் பின் முதல் சில மாதங்களில் முன்னேற்றம் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் இருப்பது உண்மைதான்; ஆனால் ஓராண்டோடு கதவு சாத்தப்படுவதில்லை. பேச்சும் நடையும் அன்றாட வேலைகளும் அதன் பின்னரும் பல ஆண்டுகள் மேம்படக்கூடும். பயிற்சி நின்றுவிட்டாலோ, தசை இறுக்கம் உள்ளவர்களுக்கு மூட்டுகள் மடங்கியபடியே இறுகிப்போகும். மீண்ட திறன்களும் தேய்ந்துபோகும்.

வீட்டுத்தாள் பற்றியும் சொல்ல வேண்டும். கை முறிந்தவருக்கு அத்தகைய தாள் போதுமானதாக இருக்கலாம், ஏனெனில் அதைப் படித்து, நினைவில் வைத்து, தானாகத் தொடங்கிச் செய்யும் ஆற்றல் அவரிடம் இருக்கிறது. நினைவையும், திட்டமிடுதலையும், ஒன்றைத் தானாகத் தொடங்கும் திறனையும் இழந்த ஒருவரிடம் அதே தாளைக் கொடுப்பது, எந்த ஆற்றலை அவர் இழந்தாரோ அதையே அவரிடம் கேட்பதாகும். அந்தச் சுமை முழுவதும் மனைவி மீதோ தாய் மீதோ விழுகிறது. அவர்கள் அதை அன்போடு சுமக்கிறார்கள் என்பதற்காக, அரசு செய்ய வேண்டிய வேலை முடிந்துவிட்டதாக ஆகாது.

இத்தகைய பிரிவுகள் பெரும்பாலும் அறிவிப்புடன் மூடப்படுவதில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒருவர் ஓய்வு பெறுகிறார், அந்தப் பதவி முடக்கப்படுகிறது. பட்டம் முடித்து ஓராண்டுச் சமூகப் பணிக்கு வந்த இளம் சிகிச்சையாளர் ஆண்டு முடிந்ததும் போய்விடுகிறார். பிறகு வாரம் மாதமாகிறது. மூடுவது என்று எவரும் முடிவெடுத்ததாகத் தெரியாததால், எதை எதிர்ப்பது என்று குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. ஆகவே முதல் வேலை, அந்த முடிவை எழுத்தில் வெளிக்கொணர்வதுதான். தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டு நிர்வாக நீதிச் சட்டப்படி, உங்கள் உரிமையைப் பாதிக்கும் முடிவு உங்களுக்குத் தெரிந்த 90 நாட்களுக்குள் அதற்கான காரணங்களை எழுத்தில் கேட்கலாம். கேட்ட 90 நாட்களுக்குள் முடிவெடுத்த நிர்வாகம் பதில் தர வேண்டும். முடிவெடுக்கத் தவறுவதையும் அச்சட்டம் கணக்கில் கொள்கிறது.

மருத்துவச் சேவை பெறும் உரிமை இருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதாது என்பதை நம் ஊரைச் சேர்ந்த ஒருவரின் வழக்கு காட்டுகிறது. டர்பனைச் சேர்ந்த தியாகராஜ் சுப்பிரமணி, 41 வயதில், வேலையின்றி, சிறுநீரகம் செயலிழந்த நிலையில், ஆடிங்டன் மருத்துவமனையில் டயாலிசிஸ் கேட்டார். இயந்திரங்களும் பணமும் குறைவு என்பதையும், மருத்துவமனை நியாயமான ஒரு விதியை நேர்மையுடன் பின்பற்றியது என்பதையும் ஏற்று, அரசியலமைப்பு நீதிமன்றம் 1997 நவம்பரில் அவர் கோரிக்கையை நிராகரித்தது. சிறிது காலத்தில் அவர் இறந்தார். அந்தத் தீர்ப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஆனால், கர்ப்பிணிகளின் குழந்தைகளுக்கு எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் நெவிரப்பின் மருந்தைச் சில மையங்களில் மட்டுமே தருவது என்று அரசு வரையறுத்தபோது, அது நியாயமற்றது என்று 2002இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் இல்லை என்ற பதிலுக்கு எதிரே நாம் வைக்க வேண்டிய கேள்விகள் இவ்விரண்டு தீர்ப்புகளிலும் இருக்கின்றன: எந்த விதிப்படி வாரம் இருமுறை என்பது மாதம் ஒருமுறையாயிற்று, அந்த விதி எங்கே எழுதப்பட்டுள்ளது, நோயாளியைப் பரிசோதித்த பின் எடுத்த முடிவா, காலியிடத்தை ஒட்டி எடுத்த முடிவா?

இக்கேள்விகளோடு காரணம் கேட்கும் கடிதத்தை மருத்துவமனைத் தலைமை நிர்வாகிக்கும், மருத்துவமனைக் குழுவுக்கும், மாகாணச் சுகாதாரத் துறைக்கும் அனுப்புங்கள். தென்னாப்பிரிக்கா 2007இல் ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 26ஆம் பிரிவு, மறுவாழ்வுச் சேவைகளை மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றவரை அருகில் தர வேண்டும் என்கிறது, அதையும் குறிப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சி குறைந்த நாளிலிருந்து அவரால் எது முடியவில்லை என்பதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். சட்டை பொத்தான் போட முடிந்தது, இப்போது முடியவில்லை என்ற ஒரு வரி, பொதுவான பத்துக் குற்றச்சாட்டுகளைவிட வலுவானது. அதே காத்திருப்பு இருக்கைகளில் அமர்ந்திருக்கும் மற்றக் குடும்பங்களையும் கோவில் மண்டபத்திலோ தமிழ்ச் சங்கத்திலோ கூட்டிச் சேர்ந்து எழுதினால், ஒருவர் குறையாக அதைத் தள்ளிவிடுவது கடினம்.

கேள்வி: என் மகனை ஒரு டாக்சி மோதியது. விபத்தில் காயமடைந்தோருக்கு இழப்பீடு தரும் அரசின் சாலை விபத்து நிதியத்திலிருந்து பணம் வந்தால் தனியாரிடம் போய்விடலாமே, அரசுப் பிரிவுக்காக ஏன் போராட வேண்டும்?
– ஒரு வாசகர், பீனிக்ஸ்

பதில்: ஐயா, எதிர்காலச் சிகிச்சைச் செலவை ஏற்பதாக நிதியம் உறுதிச் சான்று வழங்கலாம், ஆனால் பொதுவாகச் செலவு செய்து ஆதாரம் காட்டிய பிறகே பணம் கிடைக்கும், கோரிக்கை தீரவும் ஆண்டுகள் ஆகலாம். சிகிச்சை மிகவும் பயன் தரும் மாதங்கள் அதற்குள் கடந்துவிடும். மாடிப்படியில் விழுந்தவருக்கும், அடிதடியில் காயம்பட்டவருக்கும், பக்கவாதம் வந்தவருக்கும் அந்த நிதியமே இல்லை. ஓட்டுநர் அடையாளம் தெரிந்தால் பொதுவாக விபத்து நடந்த 3 ஆண்டுகளுக்குள், தெரியாவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் கோரிக்கையைக் கொடுத்துவிடுங்கள். அதுவரை மகனின் அரசு மருத்துவமனை முறைநாட்களைத் தவறவிடாதீர்கள். மறதியாலோ டாக்சிக் கட்டணம் இல்லாமையாலோ வராத நாட்கள், அந்தப் பிரிவுக்குத் தேவை குறைந்துவிட்டது என்பதற்கான சான்றாக நாளை எடுத்துக் காட்டப்படலாம். வர முடியாத நாளில் முன்னதாகத் தொலைபேசியில் காரணத்தைச் சொல்லி, அதைக் கோப்பில் பதியச் சொல்லுங்கள்.