சவர்க்காரம் கேட்டால் சர்க்கரை

தங்கச்சி, யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, வாயைத் திறந்தாலே "நீங்க சிலோனா?" என்று கேட்கிறார்கள், பேச்சை மாற்றினால்தான் இந்த ஊரில் ஒட்ட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

மாற்ற வேண்டாம். மாற்றிப் பார்த்தவன் சொல்கிறேன்.

நான் 1996இல் வந்தவன். முதல் வாரமே வளசரவாக்கத்தில் ஒரு கடையில் சவர்க்காரம், அதாவது சோப்பு, கேட்டேன். பையன் சர்க்கரையை நிறுக்கத் தொடங்கிவிட்டான். அதுகூடப் பரவாயில்லை. வீடு தேடியபோது, ஊர் எது என்று தெரிந்ததும் "சொந்தக்காரங்க வர்றாங்க" என்று கதவைச் சாத்தியவர்கள் மூன்று பேர். அந்தப் பயத்தில் 'கதைக்கிறேன்' என்பதை விழுங்கி 'பேசுறேன்' என்றே பழகினேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒருநாள் தொலைபேசியில் அம்மா, "ஆரோ பிற ஆளோட கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். அன்றோடு அதை விட்டேன்.

இப்போது யாராவது சிலோனா என்று கேட்டால், "ஓம், யாழ்ப்பாணம். நீங்கள் எந்த ஊர்?" என்று திருப்பிக் கேட்பேன். கேட்டவர் விழுப்புரமாக இருப்பார், தூத்துக்குடியாக இருப்பார். திருவல்லிக்கேணியில் உருது, சௌகார்பேட்டையில் மார்வாரி, தெலுங்கு எங்கும். வெளியிலிருந்து வந்தவர்களால் நிறைந்த ஊர் இது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பறக்கும் ரயிலில் இந்திரா நகரில் இறங்கி, வெளியே வந்து கொஞ்சம் தள்ளி நின்று நிலையத்தைத் திரும்பிப் பாருங்கள். கட்டடச் சுவரே முகங்களாக இருக்கும். ஏ-கில், கத்ரா என்ற இரண்டு ஓவியர்கள் 2021இல் வரைந்தது. 'நாம்' என்பதுதான் அதன் கருத்து. எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்கிவைப்பதற்கு எதிராகத் தீட்டிய ஓவியம் அது. எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் யாருக்கு அந்த நோய் என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு அந்த மூன்று கதவுகளும் ஞாபகம் வந்தன.

அப்புறம் அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலையிலேயே தெற்கே, துரைப்பாக்கம் பக்கம் கண்ணகி நகர். 2000 வாக்கிலிருந்து சென்னையின் ஆற்றோரக் குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம். இந்த ஊரிலேயே பிறந்தவர்கள், இந்த ஊர்த் தமிழே பேசுகிறவர்கள். ஆனாலும் முகவரியில் கண்ணகி நகர் என்று எழுதினால் வேலை தரத் தயங்கினார்கள். நம்முடைய 'சிலோனா' மாதிரிதான், இல்லையா? 2020இல் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் வெளிநாட்டு ஓவியர்களும் நம் ஓவியர்களும் சேர்ந்து வரைந்தார்கள்.

நான் போனபோது ஒரு சுவரடியில் நீலமும் பச்சையுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருந்தன. அதற்கு மேலே கட்டட உயரத்துக்கு ஓவியம். குடத்துக்குக் காவல் இருந்த அம்மா என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க இங்க இல்லியே, எங்கேர்ந்து வந்தீங்க?" என்றார். சொன்னேன். "நாங்க அடையாறு ஆத்தோரம். எங்களையும் கொண்டாந்து விட்டாங்க" என்றார். பிறகு அந்தச் சுவரைக் காட்டி, முன்பெல்லாம் ஆட்டோக்காரருக்கு வழி சொல்லவே கூச்சமாக இருக்கும், இப்போது படம் போட்ட வீட்டுக்குப் பக்கத்தில் என்று சொல்கிறேன் என்றார். சுவரில் வண்ணம் அடித்ததால் தண்ணீர் கூடுதலாக வந்துவிடாது, குடங்கள் அங்கேயே நின்றன. ஆனால் வழி சொல்லும்போது அவர் குரல் தாழவில்லை. அதை நான் என் காதால் கேட்டேன்.

வெளிநாட்டவர் பதிவுக்கான காகிதங்களை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அதைத் தனியாக எழுதுகிறேன்.

வருகிற ஞாயிறு நேரமிருந்தால் நானும் வருகிறேன். காலை ஒன்பது மணிக்கு இந்திரா நகர் நிலைய வாசலில் நில்லுங்கள். திரும்பும்போது எங்கள் வீட்டில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.