‘லைஃப்டைம்’ ஆயிலை மாற்ற வேண்டுமா? மலையில் ஓடும் கார்களுக்கான கேள்வி பதில்

குன்னூரில் 27 வருடமாக கார் வேலை பார்க்கிறேன். கார், ஜீப் இரண்டும்தான் என் தொழில். ‘லைஃப்டைம் என்று எழுதியிருப்பதை நம்பி விட்டுவிடாதீர்கள்’ என்று போன வாரம் ஒரு வரி எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஊட்டி): அண்ணா, என் கார் ஆட்டோமேட்டிக். 7 வருடம், 84,000 கி.மீ. ஆகிவிட்டது. கியர் ஆயில் மாற்றலாமா என்று கேட்டால் ‘அது லைஃப்டைம், தொடவே கூடாது’ என்கிறார்கள். நிஜமா?

பதில்: யாருடைய லைஃப்டைம் என்று முதலில் கேளுங்கள் தம்பி. கார் விற்பவர் வாரன்டி முடியும்வரை கணக்குப் போடுவார். உங்களுக்கோ அந்த வண்டி 15 வருடம் ஓட வேண்டும். கியர் பாக்ஸ் செய்கிற ஜெர்மனியின் இசட் எஃப் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய 8 கியர் ஆட்டோமேட்டிக் பாக்ஸைப் போட்ட சில கார் கம்பெனிகள் ‘ஆயில் மாற்ற வேண்டியதில்லை’ என்று சொல்லி விற்றன. பாக்ஸைச் செய்தவர்களோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 வருடத்தில், மாற்றச் சொல்கிறார்கள். நான் செய்தவர் பேச்சைத்தான் கேட்பேன்.

உங்கள் வண்டிப் புத்தகத்தின் பின்பக்கம் சர்வீஸ் அட்டவணை இரண்டாக இருக்கும். ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு, இன்னொன்று கடினமான ஓட்டத்துக்கு. இரண்டாவதில் எவையெல்லாம் சேரும் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். மலைப்பாதை, குறுகிய தூர ஓட்டம், பாரம் இழுப்பது எல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும். நீலகிரியில் பதிவான எந்த டிஎன் 43 வண்டியும் பிறந்ததிலிருந்தே அந்த இரண்டாவது அட்டவணையில்தான் ஓடுகிறது.

ஆட்டோமேட்டிக் ஆயிலைக் கெடுப்பது சூடு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது எஞ்சின் விசையை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்தும் கன்வெர்ட்டர் வழுக்கிக்கொண்டே இழுக்கிறது, அந்தச் சூடு முழுக்க ஆயிலுக்குள்தான் போகிறது. உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்து வரும் பொடியும் அதே ஆயிலில்தான் சுற்றும். ஆகவே மாற்றுங்கள். மெஷின் வைத்து அழுத்தி வெளியேற்றும் முறை வேண்டாம். டிரெயின் போல்ட்டைக் கழற்றி வடியவிட்டு, வந்த அளவுக்கு ஊற்றி, புத்தகம் சொல்லும் சூட்டில் லெவல் பார்க்க வேண்டும். 5,000 கி.மீ. கழித்து இன்னொரு முறை அதேபோல் செய்தால் பழையதில் பெரும்பகுதி போய்விடும்.

கேள்வி (வெலிங்டன்): பழைய ஆட்டோமேட்டிக்கில் ஆயில் மாற்றினால் பாக்ஸே போய்விடும் என்கிறார்களே?

பதில்: ஏற்கெனவே வழுக்க ஆரம்பித்த பாக்ஸைக் கடைசி முயற்சியாகக் கொண்டுவந்து ஆயில் மாற்றுவார்கள். அடுத்த மாதம் அது நின்றுவிடும், பழி ஆயில் மேல் விழும். நன்றாக மாறிக்கொண்டிருக்கும் பாக்ஸில் பயமில்லாமல் மாற்றலாம். கியர் விழத் தாமதம், உதறல், கருகிய வாடை இருந்தால் முதலில் பாக்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): பிரேக் ஆயில் டப்பாவில் லெவல் குறையவே இல்லை. 6 வருடமாகத் தொட்டதில்லை. அப்படியே விடலாமா?

பதில்: இந்த ஒரு கேள்விக்காகவே உட்கார்ந்தேன். விடக் கூடாது அக்கா. லெவல் சரியாக இருக்கலாம், உள்ளே இருப்பது வேறு ஆயிலாக மாறியிருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டப்பா மூடியின் சிறு துளை வழியாகவும் ரப்பர் ஓஸ் வழியாகவும் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் வகைகள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அது 140க்கு இறங்கிவிடலாம். டாட் 4 என்றால் 230லிருந்து 155க்கு. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் துணிகூடக் காயாது. அந்தக் காற்றில்தான் உங்கள் வண்டி நிற்கிறது.

இனி இறக்கத்தைக் கணக்குப் பாருங்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 1,500 மீட்டர் கீழே. ஆட்களோடு 1,200 கிலோ வண்டி அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சினும் காற்றும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்க நான்கு சக்கரத்துப் பிரேக்கில். சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. மிதிக்கும் மிதி ஆவியை நசுக்குவதிலேயே தீர்ந்து, பெடல் தரையைத் தொடும்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். எத்தனை கி.மீ. ஓடியது என்பது இதற்குப் பொருட்டே இல்லை.

கேள்வி (ஊட்டி, டாக்சி ஓட்டும் பெரியவர்): தம்பி, நான் 1978லிருந்து இந்த மலையில் அம்பாசடர் ஓட்டினவன். கல்லட்டியின் 36 வளைவும் எனக்கு வீட்டு வாசல் மாதிரி. ஒரு நாளும் பிரேக் ஆயில் மாற்றினதில்லை. பயமுறுத்தி ஆயில் விற்கிறீர்கள்.

பதில்: ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னவன். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். அம்பாசடரில் வீல் சிலிண்டர் வாஷர் எத்தனை முறை போட்டிருப்பீர்கள்? ஒழுகும், கழற்றுவீர்கள், கிட் போடுவீர்கள், ஏர் எடுத்துப் புது ஆயில் ஊற்றுவீர்கள். அந்த வண்டியின் ஒழுகலே உங்களை ஆயில் மாற்ற வைத்தது. இப்போதைய கார் வருடக்கணக்கில் ஒழுகுவதில்லை. அதனால்தான் ஆயில் உள்ளேயே கிழடாகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்பது உங்கள் தலைமுறைக்கு மனப்பாடம். செகண்டில் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விட்டீர்கள், பிரேக்குக்குப் பாதி வேலைதான். இன்று கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆட்டோமேட்டிக்கை ‘டி’யில் போட்டு, பர்லியார் வரைக்கும் பெடலில் கால் வைத்தபடியே இறங்குகிறார்கள்.

கேள்வி (அதே பெரியவர்): செகண்ட் கியர் போட்டால் போதும் என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். அப்புறம் ஆயில் எதற்கு?

பதில்: வளைவில் ஒரு பஸ் எதிரே வந்தால், மாடு குறுக்கே வந்தால், கியரால் நிறுத்த முடியாது ஐயா. அந்த ஒரு மிதிக்காகத்தான் ஆயில்.

கேள்வி (குன்னூர், இளம் ஓட்டுநர்): பெரியவர் சொல்வது சரி அண்ணே. பிரேக் போவதெல்லாம் பேட் சூடாகி வழுக்குவதால்தான். ஆயில் கொதிக்கிறது என்பது கதை.

பதில்: இரண்டும் நடக்கும் தம்பி, காலுக்கு வித்தியாசம் தெரியும். பேட் சூடாகிப் பிடிப்பு விட்டால் பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிற்காது, கருகல் வாடை மூக்கில் ஏறும். ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும்.

ஒரு முறை கல்லாறில் ஓரமாக நிறுத்திவிட்டு ஒருவர் கூப்பிட்டார். பெடல் முழுக்க உள்ளே போய்விட்டது, கைப்பிரேக்கையும் ஃபர்ஸ்ட் கியரையும் வைத்து எப்படியோ நிறுத்தியிருந்தார். கூடவே மனைவியும் இரண்டு பிள்ளைகளும். நான் போய்ச் சேர முக்கால் மணி நேரம். அதற்குள் சக்கரம் ஆறி, பெடல் பழையபடி திரும்பிவிட்டது. ‘சரியாகிவிட்டது, நாங்கள் கிளம்புகிறோம்’ என்றார். எனக்கு வயிறு கலங்கியது. ஆறினால் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும், பெடல் திரும்பிவிடும், ஆனால் ஈரம் அங்கேயேதான் இருக்கிறது. அவரை விடவில்லை. முன்சக்கரத்து நிப்பிளைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தேன். புது ஆயில் லேசான தேன் நிறத்தில் இருக்கும். இது கொதித்துக் கொதித்து மிஞ்சிய டீ டிக்காஷன் மாதிரி வந்தது, அடியில் கறுப்புத் தூசு. வண்டிக்கு 5 வயது, ஓடியது 31,000 கி.மீ. மட்டுமே. ஆயில் ஒரு முறைகூட மாற்றியதில்லை.

கேள்வி (மஞ்சூர்): இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம். சிலர் எஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். சரியா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இப்போதைய வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சினுக்கு டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்காக டீசல் எரியும். எஞ்சினை அணைத்தால் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பெடல் இறுக்கமாக இருக்கும்.

கேள்வி (குன்னூர்): எங்கள் தோட்டத்து ஊற்றுத் தண்ணீர் மினரல் வாட்டர் மாதிரி சுத்தம். ரேடியேட்டரில் அதையே ஊற்றுகிறோம். லைஃப்டைம் கூலன்ட் எதற்கு?

பதில்: தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அலுமினியத்தை அரிப்பிலிருந்து காக்காது. அதற்கான மருந்து கூலன்ட்டில் இருக்கிறது, அதுவும் சில வருடத்தில் தீர்ந்துபோகும். நிறம் பச்சையாகவே இருக்கும், மருந்து இருக்காது. நிறத்தை வைத்து வகையையும் முடிவு செய்யாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். உங்கள் புத்தகத்தில் போட்ட வகையைப் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் ரேடியேட்டர் தாங்குகிறது. அதன் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள், விலை அதிகமில்லை. சூடாக இருக்கும்போது மட்டும் திறக்கவே கூடாது.

கேள்வி (கூடலூர்): டைமிங் செயின் லைஃப்டைம் என்று நம்பலாமா?

பதில்: எஞ்சின் ஆயிலைச் சரியாக மாற்றினால் ஏறக்குறைய நம்பலாம். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பெரும்பாலும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. பழைய ஆயிலில் அது சோர்ந்துபோகும், செயினும் நீளும். குளிர் காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று வினாடி கடகடவென்று சத்தம் வந்தால் காட்டுங்கள். பெல்ட் என்றால் கதை வேறு, கி.மீ. அல்லது வருடம், எது முதலில் வருகிறதோ அதில் மாற்றியே ஆக வேண்டும். ஸ்விஃப்ட் டீசலில் செயின், டஸ்டர் டீசலில் பெல்ட். உங்களுடையது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் பெரும்பாலான எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

கேள்வி (அரவங்காடு): ஏஎம்டி கார். அதற்கும் ஆட்டோமேட்டிக் ஆயில்தானா?

பதில்: இல்லை. அது மேனுவல் கியர் பாக்ஸ்தான், கிளட்ச்சை மிதித்து கியர் மாற்றும் வேலையை மட்டும் ஒரு கருவி செய்கிறது. பாக்ஸுக்குச் சாதாரண கியர் ஆயில். அந்தக் கருவி ஹைட்ராலிக் வகை என்றால் அதற்குத் தனி ஆயில், அந்த லெவலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், கிளட்ச் கருகும். கைப்பிரேக் போடுங்கள். இறங்கும்போது மேனுவல் மோடில் இரண்டாவது கியர்.

கேள்வி (கேத்தி): வளைவில் திருப்பும்போது முன்பக்கம் டக் டக் சத்தம்.

பதில்: ஆக்சில் ஜாயின்ட்டின் ரப்பர் பூட் கிழிந்திருக்கும். அதுவும் ‘லைஃப்டைம்’ கிரீஸ் போட்டதுதான், பூட் கிழிந்ததும் ஆயுள் முடிந்தது.

கேள்வி (ஊட்டி): எந்த பிராண்ட் பிரேக் ஆயில் நல்லது?

பதில்: டப்பா மூடியில் டாட் 3, டாட் 4 என்று போட்டிருக்கும். அந்த வகையில் எந்த நல்ல கம்பெனியும் சரி. சீல் உடைக்காத சின்ன டப்பாவாக வாங்குங்கள். மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு வைக்காதீர்கள்.

கேள்வி (கோத்தகிரி): பிரேக் ஆயிலில் எந்த கம்பெனி...

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): என் கார் 9,000 கி.மீ.தான் ஓடியது, 4 வருடம். பிரேக் ஆயில் இன்னும் புதிதாகத்தானே இருக்கும்?

பதில்: இதே கேள்வியை ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள். ஈரம் கி.மீ. பார்த்து வருவதில்லை. மாற்றிவிட்டு மலை ஏறுங்கள்.

கேள்வி (குன்னூர்): மின்சாரக் கார் வாங்கியிருக்கிறேன். ஆயில் தொல்லையே இல்லை, சரிதானே?

பதில்: பிரேக் ஆயில் அதிலும் உண்டு, அதே இரண்டு வருடக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மேலேயே 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடமில்லாவிட்டால் மோட்டார் வண்டியைப் பிடிப்பது குறைந்துவிடும், முழு வேலையும் பிரேக்குக்கு வந்துவிடும். பேட்டரியைப் பற்றி அந்த வேலை தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி (கூடலூர்): பைக் செயினுக்கு...

பதில்: பைக் மெக்கானிக்கைக் கேளுங்கள்.

கேள்வி (ஊட்டி, அதே பெரியவர்): தம்பி, இப்போது ஓட்டுவது 2017 வண்டி. அம்பாசடரை விற்று எத்தனையோ வருடம். சனிக்கிழமை குன்னூர் வருகிறேன். நீங்கள் சொன்ன அந்தக் கண்ணாடிப் பாட்டிலை என் முன்னால் பிடித்துக் காட்ட வேண்டும்.

பதில்: வாருங்கள் ஐயா. எட்டு மணிக்கு முன்னால் வந்தால் கூட்டம் இருக்காது. நான்கு சக்கரத்திலும் தனித்தனியாகப் பிடித்துக் காட்டுகிறேன். ஊட்டியிலிருந்து இறங்கி வருவதால் சக்கரம் ஆற அரை மணி நேரம் ஆகும். அதுவரை டீ சாப்பிட்டுக்கொண்டு இருக்கலாம்.