விளம்பரம் பொருளைவிட மனிதர்களையே ஏன் காட்டுகிறது?

கேள்வி: ஒரே வகைப் பொருள்தான். ஒரு நாட்டில் 'நீங்கள் தனி ரகம்' என்று விற்கிறார்கள், இன்னொரு நாட்டில் குடும்பத்தையே வரிசையாக நிறுத்துகிறார்கள். ஏன்?

பதில்: வாங்குபவர் தன்னை யாராக நினைக்கிறார் என்பது நாட்டுக்கு நாடு வேறு. ஹான், ஷாவிட் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க, தென் கொரியப் பத்திரிகை விளம்பரங்களை ஒப்பிட்டு 1994-ல் எழுதினார்கள். அமெரிக்க விளம்பரங்களில் தனித்தன்மையும் சொந்த நன்மையும் தூக்கலாக இருந்தன, கொரிய விளம்பரங்களில் குடும்பமும் கூட்டத்தோடு ஒத்துப்போவதும். இந்த வித்தியாசம் எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவில் எடுபடவில்லை. ஒருவர் மட்டும் பயன்படுத்தும் பொருளைவிட, பலர் சேர்ந்து பயன்படுத்தும் பொருளில்தான் அதிகம். வாஷிங் மெஷின் விளம்பரத்தில் மாமியார் சிரிப்பது சும்மா இல்லை.

கேள்வி: இருக்கிற பழக்கத்தைத்தானே காட்டுகிறார்கள்?

பதில்: பழக்கத்தையே உண்டாக்கியதும் உண்டு. டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்துக்காக ஜப்பானில் 1967-ல் பெரிய அளவில் விளம்பரம் தொடங்கியபோது, வைர நிச்சயதார்த்த மோதிரம் பெற்ற மணப்பெண்கள் 5 சதவீதம்கூட இல்லை. 1981-ல் சுமார் 60 சதவீதம். கல்லின் தரத்தைப் பற்றிப் பேசி இதைச் சாதிக்கவில்லை. மேற்கத்திய உடையில் நவீனமான பெண்ணைக் காட்டி, அந்த வாழ்க்கையோடு வைரத்தைச் சேர்த்துவிட்டார்கள்.

'லிஸ்டரின்' என்ற வாய் கொப்பளிக்கும் திரவத்தின் கதை இன்னும் கெட்டிக்காரத்தனம். 1879-ல் அறுவை சிகிச்சைக்கான கிருமிநாசினியாக வந்தது. 1920-களில், வாய் நாற்றத்தால் கல்யாணமே ஆகாமல் நிற்கும் பெண்ணைக் காட்டி விற்றார்கள். 'முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள்' என்பதுதான் அதில் கொக்கி. கேட்டுத் தெளிய வழியில்லாத பயத்துக்கு ஒரே தீர்வு, வாங்கிவிடுவது.

கேள்வி: வாங்கும் முன் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்: விளம்பரத்தில் வரும் வாக்கியங்களை எழுதிக்கொண்டு, அளந்து பார்க்க முடியாதவற்றை அடித்துவிடுங்கள். 'குடும்பத்தின் நம்பிக்கை', 'அம்மாவின் தேர்வு' எல்லாம் போய்விடும். லிட்டர், வாட், வாரண்டி ஆண்டு போன்றவை மிஞ்சும். பல விளம்பரங்களில் எதுவுமே மிஞ்சாது.

மிஞ்சியதிலும் வாரண்டியில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பெரிய எழுத்தில் 10 ஆண்டு என்றிருக்கும், அடியில் சின்ன எழுத்தில் 'மோட்டாருக்கு மட்டும்'. சர்க்யூட் போர்டு கெட்டால் செலவு உங்களுடையது. கடையில் வாரண்டி அட்டையைக் கேட்டு, எந்தப் பாகத்துக்கு எத்தனை ஆண்டு, ஆள் வந்து பார்க்கும் கட்டணம் சேருமா என்று பாருங்கள்.

'லட்சம் பேர் வாங்கியது' என்றால் எந்த மாடலை, எந்த ஆண்டில் என்று கேளுங்கள். பெரும்பாலும் பிராண்டின் மொத்தக் கணக்கைச் சொல்வார்கள்.

'ஃபேமிலி பேக்' வாங்குவதென்றால் விலையை கிராமால் வகுத்து, நூறால் பெருக்கி, 100 கிராமுக்கு எவ்வளவு என்று சின்ன பாக்கெட்டோடு ஒப்பிடுங்கள். சில சமயம் சின்னதே மலிவு.