பழைய ஸ்டார் வார்ஸ்: மாறியது படமா, நம் நினைவா?

கேள்வி: சின்ன வயதில் தியேட்டரில் பார்த்த முதல் ஸ்டார் வார்ஸும் இப்போது ஸ்ட்ரீமிங்கில் ஓடுவதும் ஒரே படம் மாதிரி இல்லை. என் நினைவு தவறா, படத்தை மாற்றிவிட்டார்களா? அசலைப் பார்க்க வழி உண்டா?

பதில்: படத்தை மாற்றினார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் உங்கள் நினைவிலும் கொஞ்சம் கலப்படம் இருக்க வாய்ப்பு உண்டு. இந்த இரண்டையும் பிரிக்காமல் விவாதத்தில் இறங்கினால், இரண்டு பேர் இரண்டு வேறு படங்களைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுவதில்தான் முடியும். கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள்.

1977 மே 25 அன்று வெளியான இந்தப் படத்தில் 1981, 1997, 2004, 2011, 2019 என்று ஐந்து முறையாவது கை வைத்திருக்கிறார்கள். முழுப் படத்தையும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டியதில்லை. சில இடங்களை மட்டும் பார்த்தால் போதும்.

தொடக்கத்தில் மேலே நகர்ந்து போகும் மஞ்சள் எழுத்துகளில் 'எபிசோட் 4' என்ற வரி இருக்கிறதா? அது 1981 ஏப்ரலில் மறுவெளியீட்டுக்காகச் சேர்த்தது. 1977-ல் முதல் நாளே அதைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்பவர்கள் நிறையப் பேர். பார்த்திருக்க முடியாது. அன்று படத்தின் பெயரைத் தொடர்ந்து நேராகக் கதைச் சுருக்கம்தான் வரும்.

அடுத்து, மோஸ் ஐஸ்லி ஊருக்குள் நுழையும் காட்சி. டைனோசர் சைஸில் ஒரு மிருகம் கேமராவுக்கு முன்னால் குறுக்கே நடந்து திரையை அடைத்தால் அது 1997 ஸ்பெஷல் எடிஷன் அல்லது அதற்குப் பிந்தையது. கடைசியில் வில்லன்களின் விண்வெளிக் கோட்டையான டெத் ஸ்டார் வெடிக்கும்போது தட்டையான ஒளி வளையம் ஒன்று விரிந்தால் அதுவும் 1997-ன் சேர்க்கைதான்.

பிறகு ரசிகர்கள் எல்லோரும் வாதாடிச் சண்டை போடும் அந்த மதுக்கடை மேஜைக் காட்சி. 1977-ல், ஹானைப் பிடிக்க வந்த கூலி வேட்டையன் கிரீடோ சுடவே இல்லை. ஹான் சோலோ (ஹாரிசன் ஃபோர்ட்) மேஜைக்கு அடியிலிருந்து சுடுகிறான், கதை முடிந்தது. 'ஹான்தான் முதலில் சுட்டான்' என்று டி-ஷர்ட்டில் போட்டுக்கொள்கிறார்களே, அந்த வாசகமே பிழை. முதல், இரண்டாவது என்று எண்ணுவதற்கு அங்கே இரண்டு குண்டுகள் கிடையாது. 1997-ல் கிரீடோ முதலில் சுட்டு, கைக்கெட்டும் தூரத்தில் குறி தவறுகிறான். ஹானின் தலையை மட்டும் கணினியில் பக்கவாட்டில் இழுத்திருப்பார்கள். உடம்பு அசையாமல் கழுத்து மட்டும் வழுக்குவது நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தெரியும். 2004-ல் இரண்டு குண்டுகளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பாயும். 2011-ல் அதையும் சில ஃபிரேம்கள் சுருக்கினார்கள். 2019-ல் டிஸ்னி பிளஸுக்கு வந்த 4கே பதிப்பில், சுடும் முன் கிரீடோ 'மக்ளங்கி' என்று ஒரு வார்த்தை சொல்வான். அந்த வார்த்தை காதில் விழுந்தால் வேறு எதையும் சோதிக்க வேண்டாம்.

2004-ஐயும் 2011-ஐயும் பிரிக்க எளிய வழி ஆர்2-டி2 என்ற ரோபோ குகைக்குள் ஒளிந்திருக்கும் ஷாட். 2011-ல் அதன் முன்னால் பாறைகளைச் சேர்த்தார்கள். அந்த இடுக்கில் அது எப்படி நுழைந்தது, எப்படி வெளியே வந்தது என்று கேட்கக்கூடாது. 2004 டிவிடிக்கு இன்னொரு அடையாளம், விண்கலத்துக்குள் நடக்கும் பயிற்சிக் காட்சியில் கதாநாயகன் லூக்கின் நீல ஒளிவாள் பச்சையாகத் தெரியும். அது யோசித்துச் செய்த மாற்றம் அல்ல, வண்ணத் திருத்தத்தில் வந்த கோளாறு.

இந்தத் திருத்தங்கள் ஏன் கண்ணை உறுத்துகின்றன என்று புரிய ஒரே ஒரு காட்சி போதும். ஹானும், அவனுக்குக் கடன் கொடுத்த கும்பல் தலைவர் ஜாபாவும் விண்கலத்துக்கு அருகில் பேசும் காட்சியை 1976-ல் டெக்லான் முல்ஹாலண்ட் என்ற நடிகரை ஜாபாவாக நிற்க வைத்துப் படமாக்கினார்கள், அப்புறம் வெட்டிவிட்டார்கள். 1997-ல் அதே துண்டை எடுத்து, மனிதர் இருந்த இடத்தில் கணினியில் உருவாக்கிய, ராட்சத நத்தை மாதிரியான ஜாபாவைப் பொருத்தினார்கள். சிக்கல் என்னவென்றால், பேசிக்கொண்டே ஹாரிசன் ஃபோர்ட் அந்த நடிகரின் பின்புறமாகச் சுற்றி நடக்கிறார். மனிதருக்கு வால் கிடையாது, ஜாபாவுக்கு உண்டு. அதனால் ஃபோர்டின் உருவத்தை மட்டும் வெட்டி, மேலே தூக்கி இறக்கி, வாலை மிதித்துப் போவது போலச் செய்தார்கள். முழங்கால் மடங்காமல், தோள் சாயாமல், மனிதர் லிஃப்டில் ஏறி இறங்குவது மாதிரி இருக்கும். எடை மாறாமல் உயரம் மட்டும் மாறினால் கண் ஒத்துக்கொள்ளாது. இதைவிடப் பெரிய குறை திரைக்கதையில். கிரீடோ மேஜையில் உட்கார்ந்து சொன்ன அதே கடன் சமாச்சாரத்தைத்தான் இரண்டு நிமிடம் கழித்து ஜாபாவும் சொல்கிறார். 1977-ல் வெட்டியது நல்ல வெட்டு.

அடுத்தது ஒலி. பெரும்பாலானோர் இதைக் கவனிப்பதே இல்லை. உண்மையான நினைவுகள் பல 'பொய்' என்று ஒதுக்கப்படுவது இங்கேதான். 1977-ல் இந்தப் படத்துக்கு ஒரே ஒலித்தடம் இருக்கவில்லை. 70 மிமீ பிரிண்டுக்கு ஆறு டிராக், 35 மிமீக்கு டால்பி ஸ்டீரியோ, சாதாரண தியேட்டர்களுக்கு மோனோ என்று மூன்று மிக்ஸ் (ஒலிக்கலவை). கடைசியாகத் தயாரானது மோனோ. அதில் வசனங்களே வேறு. டிராக்டர் பீம் (விண்கலத்தை இழுத்துப் பிடிக்கும் கதிர்) ஏழு இடங்களில் முக்கிய ரியாக்டரோடு இணைந்திருக்கிறது என்று ரோபோ சி-3பிஓ விளக்குவது மோனோவில் இருந்தது, ஸ்டீரியோவில் இல்லை. லூக்கின் பெரு அத்தையின் குரலே வேறு. ஹானைத் துரத்தும் வீரன் முதலில் 'கதவை மூடு' என்று கத்தி, ஹான் தப்பியதும் 'கதவைத் திற' என்று கத்துவானே, அந்த முதல் பாதி மோனோவில் கேட்கும், அன்றைய ஸ்டீரியோவில் கேட்காது. அந்த நகைச்சுவை பாதியாகவே பலர் காதில் விழுந்தது. ஆக, 'அந்த வசனம் இருந்தது' என்பவரும் 'இல்லவே இல்லை' என்பவரும் ஒரே வருடத்தில் வேறு வேறு தியேட்டரில் உட்கார்ந்திருக்கலாம். இரண்டு பேர் சொல்வதும் சரி.

இனி, இருந்திருக்கவே முடியாத நினைவுகள். லூக் தன் நண்பன் பிக்ஸை டாட்டூயின் கிரகத்தில் சந்திக்கும் காட்சியைத் தியேட்டரில் பார்த்ததாகப் பலர் சொல்வார்கள். அது படமாக்கப்பட்டது, ஆனால் வெளியான படத்தில் இல்லை. படத்துக்கு முன்பே, 1976 நவம்பரில், நாவல் வடிவம் வந்துவிட்டது. மார்வெல் காமிக்ஸும் வந்தது. வாசித்ததும் பார்த்ததும் தலைக்குள் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. 1979-ன் ஏலியனிலும் இதே கதைதான். கேப்டன் டல்லாஸ் கூட்டுக்குள் சிக்கிக் கிடக்கும் காட்சி நாவலில் இருந்தது, 2003 டைரக்டர்ஸ் கட்டில்தான் படத்துக்குள் வந்தது.

டிவியும் நினைவைக் கெடுக்கும். 2.35:1 அகலமுள்ள படத்தை 1.33:1 பெட்டிக்குள் அடைத்தால் ஃபிரேமில் 43 சதவீதம் போய்விடும். யார் பேசுகிறாரோ அவரைக் காட்ட ஜன்னலை இடமும் வலமும் நகர்த்துவார்கள், இதுதான் பேன் அண்ட் ஸ்கேன். கேமரா மெல்லத் திரும்பியதாக உங்களுக்கு ஞாபகம் இருக்கும் சில ஷாட்களில் கேமரா அசையவே இல்லை, டிவி பிரதி தயாரித்தவர்தான் அசைத்தார்.

நேரத்தை வைத்து வாதாடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பால் (PAL என்ற டிவி முறை) டிவிடி நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும், தியேட்டரில் 24. அதனால் 121 நிமிடப் படம் சுமார் 116 நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்து நிமிடம் வெட்டிவிட்டார்கள் என்று கிளம்பும் புகார்களில் பாதி இந்தக் கணக்குதான்.

வண்ணத்தைப் பற்றி நினைவை நம்பவே வேண்டாம். அந்தக் கால ஈஸ்ட்மேன்கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும், படம் முழுக்க இளஞ்சிவப்பாக மாறும். சில வருடம் பழகிய பிரிண்டைப் பார்த்தவருக்குப் பாலைவனம் சிவந்துதான் ஞாபகம் இருக்கும். விதிவிலக்கு, டெக்னிகலர் சாய மாற்று முறையில் அச்சிட்டவை. அவை மங்குவதில்லை. அமெரிக்காவில் அந்த முறை அதற்குள் நின்றுவிட்டதால் ஸ்டார் வார்ஸுக்கு அத்தகைய பிரிண்டுகள் பிரிட்டனில்தான் தயாராயின. 2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் திரையிட்டது அப்படிப்பட்ட 1977 பிரிண்ட் ஒன்றைத்தான்.

மற்ற படங்களில் நிலைமை எப்படி? பிளேட் ரன்னருக்கு ஏழு வடிவங்கள் சொல்வார்கள். பின்னணியில் ஹாரிசன் ஃபோர்டின் குரல் கதை சொல்லி, முடிவில் பச்சை மலைகளுக்கு மேல் கார் பறந்தால் அது 1982. அந்த மலைகள் குப்ரிக்கின் தி ஷைனிங்குக்கு எடுத்து மிஞ்சிய வான்வழிக் காட்சிகள். குரல் இல்லாமல், ஒற்றைக்கொம்புக் குதிரைக் கனவு வந்தால் 1992 அல்லது 2007. அந்த இரண்டையும் பிரிக்கப் புறாவைப் பாருங்கள். வில்லன் ராய் இறந்ததும் அவன் கையிலிருந்து பறக்கும் புறா, மழை இரவிலிருந்து திடீரென வெளிர்நீல வானத்துக்குப் போனால் 1992, இருண்ட வானத்துக்கே போனால் 2007. 2007-ன் திருத்தங்கள் பெரும்பாலும் தவறுகளைச் சரிசெய்தவை. கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடும் ஸோரா என்ற பாத்திரத்தின் இடத்தில் சண்டைக் கலைஞரின் முகம் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்த வேடத்தில் நடித்த ஜோவன்னா காசிடியை மறுபடி படம்பிடித்து அவர் முகத்தைப் பொருத்தினார்கள். இதை யாரும் திட்டவில்லை. காரணம் எளிது: அதே வருடம் வந்த ஐந்து டிஸ்க் பெட்டியில், வொர்க்பிரிண்ட் (முடிவாகாத வேலைப் பிரதி) உட்பட ஐந்து வடிவங்கள் இருந்தன.

ஈ.டி.யின் 2002 பதிப்பில் போலீஸ்காரர்களின் துப்பாக்கிகளை வாக்கி-டாக்கியாக்கினார்கள். இயக்குநர் ஸ்பீல்பெர்க் பிறகு வருத்தம் தெரிவித்து, 2012 ப்ளூ-ரேயில் 1982 வடிவத்தையே கொடுத்துவிட்டார். தன் குளோஸ் என்கவுன்ட்டர்ஸிலும், வேற்றுக்கிரகவாசிகளின் தாய்க்கலத்தின் உட்புறத்தைக் காட்ட 1980-ல் ஒத்துக்கொண்டு, 1998-ல் எடுத்துவிட்டார்.

இப்போது வரும் புது வகை மாற்றம் ஷாட்டையே தொடாது. ஏலியன்ஸின் 4கே பதிப்பில் காட்சி ஒன்றுகூட மாறவில்லை, ஆனால் மென்பொருள் கொண்டு கிரெய்னை (ஃபிலிமுக்கே உரிய பொடிப் புள்ளிகளை) வழித்துக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள், தோல் மெழுகு பூசியதுபோல இருக்கிறது. இதை 'ரீஸ்டோரேஷன்' என்று விற்கும்போது எனக்கு ஜாபாவின் வாலைவிட அதிகக் கோபம் வருகிறது. வால் குறைந்தபட்சம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஸ்டார் வார்ஸை இயக்கிய ஜார்ஜ் லூகாஸின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988-ல் அமெரிக்க காங்கிரஸில், பழைய படங்களை மாற்றுவதை எதிர்த்துச் சாட்சி சொன்னவர் அவர். அதை வைத்து ரசிகர்கள் இன்றுவரை குத்திக்காட்டுகிறார்கள். அங்கே அவர் பேசியது உரிமை வைத்திருக்கும் முதலாளிகள் படைத்தவரை மீறி மாற்றுவதைப் பற்றி. தன் படத்தைத் தானே திருத்துவது அவர் கணக்கில் வேறு. அந்த வாதம் எனக்குப் புரிகிறது. புரியாதது, திருத்தியதை வைத்துக்கொண்டு பழையதைச் சந்தையிலிருந்தே எடுத்துவிடுவது.

அசலைப் பார்க்க விரும்பினால், அதிகாரபூர்வ டிஸ்க் என்று கைக்கு எட்டுவது 2006 டிவிடிதான். முதல் மூன்று ஸ்டார் வார்ஸ் படங்களில் ஒவ்வொன்றும் இரண்டு டிஸ்க் கொண்ட தனிப் பெட்டி, திருத்தப்படாத வடிவம் இரண்டாவது டிஸ்க்கில். 2004-ன் நான்கு டிஸ்க் பெட்டியை மாற்றி வாங்கிவிடாதீர்கள், அதில் அது கிடையாது. பழையதாக வாங்கும்போது இரண்டாவது டிஸ்க் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள், பலர் அதை 'போனஸ்' என்று தொலைத்துவிடுகிறார்கள்.

தரத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 1993 லேசர்டிஸ்க்குக்காக (டிவிடிக்கு முந்தைய பெரிய வட்டு) செய்த மாஸ்டர் அது, அனமார்ஃபிக் (அகலப் படத்தை நெருக்கிப் பதிந்து ஓட்டும்போது விரிக்கும் முறை) அல்ல. என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) டிவிடியின் 480 வரிகளில் படத்துக்குக் கிடைப்பது சுமார் 272, மீதி கறுப்புப் பட்டை. அனமார்ஃபிக்காகப் போட்டிருந்தால் 363 கிடைத்திருக்கும். அகலத்திரை டிவியில் போட்டால் நாலு பக்கமும் கறுப்புச் சட்டம் கட்டி, நடுவில் தபால்தலை மாதிரி படம் தெரியும். பிளேயர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். டிவியின் பட அளவில் 'ஸூம்' தேர்ந்தெடுங்கள். 'ஸ்ட்ரெச்' வேண்டாம், எல்லோரும் குண்டாகிவிடுவார்கள்.

4கே77 என்று ரசிகர்கள் பழைய 35 மிமீ பிரிண்டை ஸ்கேன் செய்து உருவாக்கிய பிரதியைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். கிரெய்னும் பிரிண்டுக்குரிய வண்ணமுமாக அது பிரமாதமான வேலை, ஆனால் உரிமம் பெற்றதல்ல, கடையில் கிடைக்காது. யாராவது அதைக் காசுக்கு விற்றால் அவர் நிச்சயம் அதைச் செய்தவர்களில் ஒருவர் இல்லை.