லைக் போட்டவர்களும் கேள்வி கேட்டவரும்

கேள்வி: நான் எடுக்கும் பறவைப் படங்களை முகநூலில் போட்டால் நூற்றுக்கணக்கில் லைக் விழுகிறது. அதே ஆர்வத்தோடு, பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டுப் பதியும் இ-பேர்ட் தளத்தில், ஒரு தோப்பில் கண்ட பறவையை ‘பெஸ்ரா’ என்று பதிந்தேன். முகம் தெரியாத ஒருவர், ‘எதை வைத்து அடையாளம் கண்டீர்கள், படம் இருக்கிறதா?’ என்று மின்னஞ்சல் அனுப்புகிறார். அவமானமாக இருந்தது. இரண்டுமே இணையத்தில் நாலு பேர் கூடும் இடங்கள்தானே? ஓரிடத்தில் அன்பு, இன்னோரிடத்தில் சந்தேகம் ஏன்?
— வாசகர், திருச்சி

பதில்: அவர் உங்களைச் சந்தேகப்படவில்லை. உங்கள் பதிவை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். லைக் போட்டவர்களில் எத்தனை பேர் அப்படிப் படித்தார்கள்?

வல்லூறும் பெஸ்ராவும் சிறிய வேட்டைப் பறவைகள், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். தொண்டை நடுவே இறங்கும் கோடு வல்லூறுக்கு மெல்லியது, பல சமயம் கண்ணில் படாது. பெஸ்ராவுக்குத் தடித்துக் கருத்திருக்கும். வல்லூறு ஊர்ப்புறத் தோப்புகளில் சர்வசாதாரணம். பெஸ்ராவோ காட்டுப் பறவை. திருச்சியிலிருந்து அப்படியொரு பதிவு வந்தால் கேட்கத்தான் வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் எந்தப் பறவை எத்தனை வரை எதிர்பார்க்கலாம் என்று இ-பேர்டில் வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் பதிவு தானாகவே தனியே ஒதுங்கும். அதைப் பார்த்து உங்களுக்கு எழுதுகிறவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர். பெரிய நிபுணர் பதிந்தாலும் இதே கேள்விதான் போகும்.

முகநூல் 2004-இல் ஒரு பல்கலைக்கழக மாணவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளப் பிறந்தது. இன்றும் அதன் அச்சாணி ‘யார்’ என்பதுதான். உங்கள் அத்தை மகனும் பழைய அலுவலக நண்பரும் லைக் போடுவது உங்களுக்காக. படத்தில் மைனா இருந்தாலும் போடுவார்கள். அதில் தப்பே இல்லை, உறவு அப்படித்தான் நடக்கிறது. ஆனால் ‘இது பெஸ்ரா இல்லை, வல்லூறு’ என்று அங்கே ஒருவர் எழுதிவிட்டால் ஊரறியத் தலைகுனிவு, பிறகு மனஸ்தாபம். தெரிந்தவரும் அதற்குப் பயந்து பேசாமல் போய்விடுவார். தவறான பெயரோடு அந்தப் படம் நூறு பேருக்குப் பகிரப்படும்.

இ-பேர்ட் போன்ற ஆர்வக் குழுவில் நடுவில் இருப்பது பறவை. சுற்றி நிற்பவர்கள் யார் வீட்டுப் பிள்ளை, என்ன உத்தியோகம் என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் முன்பின் தெரியாதவர் உங்களைத் திருத்த முடிகிறது, நீங்கள் நாளை அவரைத் திருத்த முடிகிறது. நான் இதை மிகப் பெரிய மரியாதையாக நினைக்கிறேன்.

செயலியை வைத்து மட்டும் இதைப் பிரிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடமும் தேதியும் இல்லாத படத்தை ஏற்காத பறவைக் குழுக்கள் முகநூலிலேயே உண்டு. இலக்கியம் பேச ஆரம்பித்துக் காலை வணக்கப் படங்களில் முடிந்த வாட்ஸாப் குழுக்களும் உண்டு. ஆர்வக் குழுக்களில் புதியவரைச் சீறி விரட்டும் கெட்ட பழக்கமும் இருக்கிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர் தளமே 2018-இல் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. உங்களுக்கு வந்த மின்னஞ்சலில் அந்தச் சீற்றம் இருந்ததா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை.

இன்னொன்று, சேர்ந்து கிடைப்பது என்ன என்று பாருங்கள். முகநூலில் நேற்றைய படம் இன்றைய படங்களுக்கு அடியில் போய்விடுகிறது. இ-பேர்டை அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கமும் 2002-இல் தொடங்கின. அதில் இந்தியாவில் சுமார் 30,000 பேர் பதிந்த ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகளை வைத்து 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வந்தது. 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. வேலைக்குப் போகிற வழியில் ஏரிக்கரையில் நின்று காகம், கொக்கு என்று எண்ணியவர்களின் உழைப்பு அது. இ-பேர்டில் பதியும் ஒவ்வொரு பட்டியலின் கடைசியிலும் ‘நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்துவிட்டீர்களா?’ என்று கேட்பார்கள். ஆம் என்றால், பட்டியலில் இல்லாத பறவையும், ‘அன்று அங்கே கண்ணில் படவில்லை’ என்று ஒரு தகவலாகிவிடுகிறது. பிடிப்பதாலும் வேட்டையாலும் ஆபத்துள்ள சில இனங்களின் சரியான இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்தும் வைக்கிறார்கள். முகநூலில் ஓர் ஆந்தைக் கூட்டின் படத்தோடு ஊர்ப்பெயரும் வெளிவந்தால், அடுத்த ஞாயிறு அங்கே கேமராக்களோடு கூட்டம் நிற்கும்.

அந்த மின்னஞ்சலுக்கு இன்றே பதில் போடுங்கள். படம் இருந்தால் இணையுங்கள். தொண்டைக் கோட்டைக் கவனிக்கவில்லை என்றால் அதையே எழுதுங்கள். இன்ன இனம் என்று உறுதியில்லாத பறவையை அப்படியே பதியவும் அங்கே வழி வைத்திருக்கிறார்கள். அந்தத் தோப்புக்கு மறுபடி போகும்போது பைனாகுலரை முதலில் தொண்டைக்குத் திருப்புங்கள்.